முதிராத முட்டை கெட்ட முட்டை அல்ல

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கருமுட்டை முதிரும் விதத்தைப் பற்றி எழுதியபோது, புரதங்களின் மீது சிறிய வேதிக் குறிகளை ஒட்டியும் பிரித்தும் அவற்றின் செயலை மாற்றும் நொதிகளே முட்டையின் கடைசிக் கட்டத்தை நடத்துகின்றன என்று ஒரு பத்தியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு பத்தியைப் பற்றியே இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மருத்துவமனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பொருள் புரியாமல் தவிக்கும் பெண்களின் கடிதங்களே அவற்றில் அதிகம். நான் மருத்துவர் அல்ல. உயிர்வேதியியல் கற்பித்தவள், சில ஆண்டுகள் முட்டைகளை நுண்ணோக்கியில் பார்த்து வேலை செய்தவள். ஆகவே யாருக்கு எந்தச் சிகிச்சை என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. முட்டைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல முடியும். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 31. ஐ.வி.எஃப். சிகிச்சையில் என்னிடமிருந்து 11 முட்டைகள் எடுத்தார்கள். அறிக்கையில் "எம் டூ 7, எம் ஒன் 2, ஜி.வி. 2" என்று போட்டிருக்கிறது. நான்கு முட்டைகள் முதிரவில்லை என்றார்கள். "உன் முட்டையே சரியில்லை" என்கிறார் என் மாமியார். முதிரவில்லை என்றால் கெட்டுப்போனது என்று பொருளா, அம்மா? (வாசகி, திண்டுக்கல்)

இல்லை. முதிராத முட்டை கெட்ட முட்டை அல்ல. முடிந்தால் இந்தப் பக்கத்தை உங்கள் மாமியாரிடமும் கொடுங்கள்.

அறிக்கையில் உள்ளவை முட்டைக்குப் போட்ட மதிப்பெண்கள் அல்ல. வெளியே எடுத்த வேளையில் அது எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதன் குறிப்புகள். முட்டையைச் சுற்றிப் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் கியூமுலஸ் செல்களை நீக்கிவிட்டு நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள வெளிறிய உருண்டை தெரியும். அதற்குள் கண்ணாடிக் குமிழி போன்ற பெரிய உட்கருவும், அந்தக் குமிழிக்குள் ஒரு கரும்புள்ளியும் தெரிந்தால் அது ஜி.வி. நிலை. குமிழி மறைந்து, உள்ளே எல்லாம் ஒரே சீராகத் தெரிந்தால் எம் ஒன். குமிழியும் மறைந்து, முட்டையின் உடலுக்கும் அதைச் சுற்றியுள்ள தடித்த உறைக்கும் இடையிலான சந்தில் ஒரு சின்ன மணி ஒதுங்கி நின்றால் எம் டூ. அந்த மணியின் பெயர் துருவ உறுப்பு. தன் குரோமோசோம்களில் ஒரு பாதியை முட்டை வெளியே தள்ளிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. எம் டூ நிலைக்கு வந்த முட்டைக்குள்தான் விந்தணுவைச் செலுத்துவார்கள்.

இந்த மூன்று கட்டங்களுக்கும் பின்னால் ஒரு நீண்ட காத்திருப்பு இருக்கிறது. உங்கள் முட்டைகள் நீங்கள் பூப்படைந்தபோது உருவானவை அல்ல. நீங்கள் உங்கள் தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருந்தபோதே உங்கள் சூலகங்களில் 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் இருந்தன. பிறக்கும்போது அவை 10 முதல் 20 லட்சமாகவும், பூப்படையும்போது மூன்று நான்கு லட்சமாகவும் குறைந்திருக்கும். வாழ்நாள் முழுவதற்கும் வெளிவருபவை 400 அளவில்தான். இந்த முட்டைகள் ஒவ்வொன்றும் குரோமோசோம்களைப் பாதியாகக் குறைக்கும் குன்றல் பகுப்பைத் தொடங்கி, குரோமோசோம்களை ஜோடி ஜோடியாகக் கட்டிக்கொண்டு, பாதி வழியில் அப்படியே நின்றிருக்கிறது. உங்களிடமிருந்து எடுத்த 11 முட்டைகளும் 31 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இடத்தில் நின்றவை.

நின்றவை என்றதும் தூங்கின என்று எண்ணிவிடக் கூடாது. மேட்டில் நிற்கும் மாட்டுவண்டி உருண்டுவிடாமல் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுப்போமே, அதுபோல் முட்டையை ஒவ்வொரு கணமும் பிடித்து நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. முட்டையை முன்னே செலுத்தக்கூடிய எந்திரம் சி.டி.கே.1 என்னும் கைனேஸ் நொதி. கைனேஸ் என்பது செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தின் மீது ஒட்டும் நொதி. அந்தச் சி.டி.கே.1 முட்டைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதன் துணையான சைக்ளின் பி என்னும் புரதமும் இருக்கிறது. ஆனால் வீ2, மிட்1 என்னும் இரண்டு நொதிகள் சி.டி.கே.1-இன் மீதே இரண்டு பாஸ்பேட்டுகளை ஒட்டி அதைச் செயலற்றதாக்கி வைத்திருக்கின்றன. அந்தப் பாஸ்பேட்டுகளைப் பிரித்தெடுக்கக்கூடிய சி.டி.சி.25பி என்னும் பாஸ்பட்டேஸ் நொதியும் அருகிலேயே உள்ளது. ஆனால் புரதக் கைனேஸ் ஏ என்னும் மற்றொரு நொதி அதன் மீதும் ஒரு குறியை ஒட்டி, உட்கருவுக்குள் நுழையவிடாமல் தடுத்துவைக்கிறது. இத்தனையும் நிலைத்திருக்க முட்டைக்குள் சுழல் ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறு போதிய அளவில் இருந்தாக வேண்டும். முட்டையின் மேற்பரப்பில் உள்ள ஜி.பி.ஆர்.3 என்னும் ஏற்பிதான் அதன் உற்பத்தியை ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஏற்பி இல்லாத எலிகளில், ஹார்மோன் உத்தரவு வருவதற்கு முன்பே முட்டைகள், சூலகத்தில் அவை வளரும் சிறு பையான ஃபாலிக்கிளுக்குள்ளேயே முதிரத் தொடங்கிவிடுவதை 2004-இல் கண்டார்கள்.

பிடித்து நிறுத்தும் வேலையை முட்டை தனியாகச் செய்வதும் இல்லை. 1935-இல் கிரிகரி பின்கஸும் என்ஸ்மானும் முயலின் முட்டைகளை ஃபாலிக்கிளிலிருந்து வெளியே எடுத்து வைத்தபோது, எந்த ஹார்மோனும் கொடுக்காமலே அவை முதிரத் தொடங்கின. சுற்றியுள்ள கிரானுலோசா செல்கள் சுழல் ஜி.எம்.பி. என்னும் மூலக்கூறைத் தயாரித்து, நுண்ணிய இணைப்புகளின் வழியே முட்டைக்குள் ஊட்டிக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம் என்பது வெகுகாலத்துக்குப் பிறகு தெரிந்தது. அந்த மூலக்கூறு, சுழல் ஏ.எம்.பி.யைச் சிதைக்கும் நொதியைக் கட்டிப்போடுகிறது.

மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் லூட்டினைசிங் ஹார்மோன் பெருகும்போது இந்த முட்டுக்கட்டைகள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. கிரானுலோசா செல்களில் சுழல் ஜி.எம்.பி.யைத் தயாரிக்கும் புரதம் தன் மீதிருந்த பாஸ்பேட்டுகளை இழந்து ஓய்கிறது. முட்டைக்குள் சுழல் ஏ.எம்.பி. வீழ்கிறது; புரதக் கைனேஸ் ஏ தளர்கிறது; சி.டி.சி.25பி உட்கருவுக்குள் நுழைந்து சி.டி.கே.1-இன் பாஸ்பேட்டுகளைப் பிரிக்கிறது. விடுபட்ட சி.டி.கே.1 உட்கரு உறையைத் தாங்கும் லாமின் புரதங்களின் மீது தானே பாஸ்பேட்டுகளை ஒட்ட, அந்த உறை கலைகிறது. நுண்ணோக்கியில் கண்ணாடிக் குமிழி மறைவதாக நாம் காண்பது இதைத்தான். எலியின் முட்டையில் இது இரண்டு மூன்று மணி நேரத்தில் நடந்துவிடும். குமிழியின் விளிம்பு முதலில் சற்றே நெளியும். ஒரு கணம் பார்வையை விலக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அங்கே குமிழி இருக்காது. எத்தனை முறை பார்த்திருந்தாலும் எனக்கு அந்தக் கணத்தில் மூச்சு ஒரு நொடி நிற்கும்.

உங்களுக்குக் கடைசியாகப் போட்ட ஊசி அந்த ஹார்மோன் பெருக்குக்கு மாற்றாகப் போடுவது. அதன் பிறகு ஒன்றரை நாள் கழித்து முட்டைகளை எடுக்கிறார்கள். ஆனால் 11 ஃபாலிக்கிள்களும் ஒரே அளவுக்கு வளர்ந்திருப்பதில்லை. சிறிய ஃபாலிக்கிளில் உள்ள முட்டை, உத்தரவு வந்தாலும் அதை நிறைவேற்றும் அளவுக்கு நொதிகளை இன்னும் சேர்த்து வைத்திருக்காது. ஆகவே எடுக்கப்படும் முட்டைகளில் சில ஜி.வி. நிலையிலோ எம் ஒன் நிலையிலோ இருப்பது வழக்கமே. 11-இல் 7 எம் டூ என்பது கவலைப்படவேண்டிய கணக்கு அல்ல. மீண்டும் மீண்டும் எடுத்தும் ஒரு முட்டைகூட எம் டூ நிலையை எட்டவில்லை என்றால்தான் மரபணுக் காரணம் உண்டா என்று பார்க்க வேண்டும். குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்கோலைக் கட்டும் டியூபுலின் புரதத்துக்கான டியூப்8 என்னும் மரபணுவில் உள்ள பிழை அப்படிப்பட்ட நிலைக்குக் காரணமாகலாம் என்று 2016-இல் தெரியவந்தது. உங்கள் நிலை அது அல்ல.

கேள்வி: இளநிலை உயிர்வேதியியல் படிக்கிறேன். ஒரு செல்லுக்குப் புதிய வேலை வந்தால் மரபணுவை இயக்கிப் புதிய புரதத்தைத் தயாரித்துக்கொள்ளும் என்றுதான் படித்திருக்கிறோம். முட்டை மட்டும் ஏன் பழைய புரதங்களில் குறி ஒட்டுவதையும் பிரிப்பதையும் நம்பியிருக்க வேண்டும்? (மாணவர், திருநெல்வேலி)

உங்கள் கேள்வியில்தான் இந்தப் பொருளின் உயிர்நாடி இருக்கிறது. முழு வளர்ச்சி பெற்ற முட்டையில் மரபணுக்கள் படியெடுக்கப்படுவது ஏறக்குறைய முற்றாக நின்றுவிடுகிறது. குரோமோசோம்கள் இறுகிச் சுருண்டிருக்கும்போது அவற்றிலிருந்து தூது ஆர்.என்.ஏ., அதாவது புரதம் தயாரிக்க உதவும் மரபணுவின் படி, எடுக்க வழியில்லை. கருவுற்று, மனிதரில் நான்கு முதல் எட்டுச் செல் நிலை வரும்வரை கருவின் சொந்த மரபணுக்கள் பெரிய அளவில் பேசத் தொடங்குவதும் இல்லை. அந்த இடைவெளி முழுவதையும் முட்டை, பத்தாயத்தில் முன்பே சேர்த்து வைத்த நெல்லைக் கொண்டே கடந்தாக வேண்டும். சேர்த்து வைத்த தூது ஆர்.என்.ஏ.க்களில் எதை எப்போது புரதமாக்குவது என்பதைக்கூட, சி.பி.இ.பி. என்னும் புரதத்தின் மீது கைனேஸ்கள் ஒட்டும் பாஸ்பேட்டுகளே முடிவு செய்கின்றன. புதிதாக எழுத முடியாத ஒரு செல், எழுதி வைத்ததின் மீது முத்திரை குத்தியும் அழித்துமே ஆட்சி நடத்துகிறது.

இதைக் கண்டறிந்த கதையை உங்கள் வகுப்பில் சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன். யோஷியோ மசூய் என்ற ஜப்பானிய அறிவியலாளர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கிளெமென்ட் மார்க்கெர்ட்டுடன் சேர்ந்து சிறுத்தைத் தவளையின் முட்டைகளில் ஆய்வு செய்தார். தவளை முட்டை புரோஜெஸ்டிரோனைச் சந்தித்தால் முதிரும். அப்படி முதிரத் தொடங்கிய முட்டையிலிருந்து, உட்கருவைச் சூழ்ந்துள்ள சைட்டோபிளாசத்தில் ஒரு துளியை எடுத்து, எந்த ஹார்மோனையும் சந்திக்காத முட்டைக்குள் நுண்ணூசியால் செலுத்தினார். அந்த முட்டையும் முதிர்ந்தது. சைட்டோபிளாசத்தில் ஏதோ ஒன்று உட்கருவுக்கு உத்தரவிடுகிறது என்று தெரிந்தது. அதற்கு முதிர்வூக்கிக் காரணி என்று பெயரிட்டு 1971-இல் வெளியிட்டார்கள். அதே கட்டுரையில் இன்னொரு காரணியையும் காட்டியிருந்தார்கள்: முழுவதும் முதிர்ந்து காத்திருக்கும் முட்டையின் சைட்டோபிளாசத்தை, இரண்டு செல்லாகப் பிளந்த கருவின் ஒரு செல்லுக்குள் செலுத்தினால் அந்தச் செல் மட்டும் பிளவதை நிறுத்திவிடும். அதாவது, ஓடச் சொல்லும் காரணி ஒன்று, நிற்கச் சொல்லும் காரணி ஒன்று.

ஓடச் சொல்லும் காரணி இன்னதென்று தெரிய 17 ஆண்டுகள் ஆயின. 1988-இல் லோகா, ஹேய்ஸ், மாலர் ஆகிய மூவரும் அதைத் தவளை முட்டைகளிலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். அது இரண்டு புரதங்களின் கூட்டு. ஒன்று, பால் நர்ஸ் ஈஸ்டில் கண்டறிந்த கைனேஸின் இணை. மற்றொன்று, டிம் ஹன்ட் 1982-இல் கடல்முள்ளெலியின் முட்டைகளில் கண்ட சைக்ளின் வகைப் புரதம். மேலே சொன்ன சி.டி.கே.1-உம் சைக்ளின் பி-யும் இவைதாம். தவளையின் முட்டையும் ஈஸ்டும் கடல்முள்ளெலியும் ஒரே விடையைச் சொன்ன ஆண்டுகள் அவை. 2001-இல் ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் ஆகியோருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மசூய் 1998-இல் ஹார்ட்வெல்லோடும் நர்ஸோடும் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார். நோபல் பட்டியலில் அவர் பெயர் இல்லாதது எனக்கு இன்றும் வருத்தமே.

நிற்கச் சொல்லும் காரணியின் கதை இன்னும் நுட்பமானது. எம் டூ நிலையில் முட்டை மறுபடியும் நிற்கிறது, இம்முறை சி.டி.கே.1 முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, அதன் முடிவு மட்டும் தள்ளிவைக்கப்படுகிறது. பகுப்பு முடிய வேண்டுமானால் சைக்ளின் பி அழிய வேண்டும். அதை அழிக்க ஏ.பி.சி. என்னும் பெரிய நொதித் தொகுதி, சைக்ளினின் மீது உபிக்விட்டின் என்னும் 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத்தைச் சங்கிலியாகக் கோத்துவிடும். அந்தச் சங்கிலி மாட்டிய புரதத்தைச் செல்லின் சிதைப்பான் இழுத்துச் சிதைத்துவிடும். இந்த உபிக்விட்டின் முறையைக் கண்டறிந்ததற்காக சீகானோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகியோர் 2004-இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். முட்டையில் ஈ.எம்.ஐ.2 என்னும் புரதம் ஏ.பி.சி.யின் வேலையைத் தடுத்துவைக்கிறது. மாஸ் என்னும் கைனேஸும் அதைத் தொடர்ந்து இயங்கும் கைனேஸ்களும் அந்தத் தடையை வலுப்படுத்துகின்றன. மாஸ் மரபணு நீக்கப்பட்ட எலிகளில், விந்தணுவே வராமல் முட்டைகள் தாமாகப் பிளக்கத் தொடங்கி, சூலகத்தில் கட்டிகள் தோன்றியதை 1994-இல் காட்டினார்கள். நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதற்கு ஒரு நொதி எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

விந்தணு நுழைந்ததும், அது கொண்டுவரும் பி.எல்.சி. சீட்டா என்னும் நொதி முட்டைக்குள் கால்சியத்தை அலை அலையாக எழுப்புகிறது. கால்சியம் ஒரு கைனேஸைத் தட்டியெழுப்ப, அது ஈ.எம்.ஐ.2-இன் மீது குறி ஒட்டுகிறது. குறி ஒட்டிய ஈ.எம்.ஐ.2 உபிக்விட்டின் சங்கிலிக்கு இரையாகிறது, ஏ.பி.சி. விடுபடுகிறது, சைக்ளின் அழிகிறது, முட்டை தன் பகுப்பை முடிக்கிறது. தேர்வுக்குப் படிக்கும்போது பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வோர் இடத்திலும் "இங்கே குறி ஒட்டப்பட்டதா, பிரிக்கப்பட்டதா, அதனால் அந்தப் புரதம் விழித்ததா, ஓய்ந்ததா, அழிந்ததா" என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். பாஸ்பேட் ஒட்டினால் புரதம் விழிக்கும் என்ற எளிய விதி முட்டைக்குள் செல்லாது, சி.டி.கே.1 பாஸ்பேட் ஒட்டியதால் செயலற்றுக் கிடந்ததை மேலேயே பார்த்தோம்.

கேள்வி: புரதம்தான் முட்டையை முதிரச் செய்கிறது என்றால், புரத மாவு குடித்தால் முட்டையின் தரம் உயருமா? கடையில் அப்படிச் சொல்லி விற்கிறார்கள். (வாசகி, ஈரோடு)

உயராது. குடிக்கும் புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்துவிடுகிறது. அது எந்த முட்டைக்குள்ளும் நொதியாகப் போய்ச் சேராது. முட்டையின் நொதிகளை முட்டையே தன் தூது ஆர்.என்.ஏ.வைக் கொண்டு தயாரிக்கிறது. பருப்பும் முட்டையும் மீனும் உடல்நலத்துக்காக உண்ணவேண்டியவை. அவற்றை உண்பவருக்கு இந்த நோக்கத்துக்காகத் தனியாக மாவு வாங்கத் தேவையில்லை. கருத்தரிக்க விரும்புவோருக்கு மருத்துவர்கள் தரும் ஃபோலிக் அமில மாத்திரை, குழந்தையின் தண்டுவடமும் மூளையும் சரியாக உருவாவதற்காகத் தருவது. அதை நிறுத்திவிட்டு மாவு வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு 38 வயது. இருமுறை கரு கலைந்துவிட்டது. "வயது காரணமாகக் குரோமோசோம் சரியாகப் பிரியவில்லை" என்றார்கள். நான் புகை, மது எதையும் தொடாதவள். வயது எப்படி முட்டைக்குள் புகுந்து குரோமோசோமைக் கெடுக்கிறது? (வாசகி, புதுச்சேரி)

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் எதையும் தவறாகச் செய்துவிடவில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதியில் குரோமோசோம் எண்ணிக்கையில் பிழை இருக்கும். அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை முட்டை முதிரும் வேளையில் நேர்பவை.

குரோமோசோம்களை ஜோடியாகக் கட்டிவைத்திருப்பது கொஹீசின் என்னும் வளைய வடிவப் புரதத் தொகுதி. முட்டைகளில் இந்த வளையங்கள் பூட்டப்படுவது பெண் தன் தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போது. அதன் பிறகு அவை புதிதாக மாற்றப்படுவதில்லை என்று எலிகளில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. அன்று கட்டிய கயிறே 38 ஆண்டுகள் கழித்தும் தாங்க வேண்டியிருக்கிறது.

முதிர்ச்சியின்போது அந்தக் கயிறு இரண்டு தவணையில் அறுக்கப்பட வேண்டும். முதல் பகுப்பில் குரோமோசோமின் கைகளில் உள்ள வளையங்கள் மட்டும் அறுபட வேண்டும். நடுவில் சென்ட்ரோமியர் பகுதியில் உள்ளவை இரண்டாம் பகுப்புவரை இருந்தாக வேண்டும். அறுப்பது செபரேஸ் என்னும் நொதி. அது பாஸ்பேட் ஒட்டிய கொஹீசினைத்தான் அறுக்கும். ஆகவே நடுப்பகுதியைக் காக்க, ஷுகோஷின் என்னும் புரதம் பி.பி.2ஏ என்னும் பாஸ்பட்டேஸை அங்கே அழைத்து நிறுத்திக்கொள்கிறது. கைனேஸ்கள் பாஸ்பேட்டை ஒட்ட ஒட்ட அது பிரித்துக்கொண்டே இருக்கிறது. ஜப்பானிய மொழியில் ஷுகோஷின் என்றால் காவல் தெய்வம் என்று பொருள். ஊர் எல்லையில் நிற்கும் ஐயனாரைப் போல் அது சென்ட்ரோமியரில் நிற்கிறது என்றுதான் என் மாணவர்களுக்குச் சொல்வேன்.

வயது கூடக் கூட, குரோமோசோம்களின் மீதுள்ள கொஹீசினும் குறைகிறது, காவலுக்கு நிற்கும் ஷுகோஷினும் குறைகிறது என்பதை வயது முதிர்ந்த எலிகளின் முட்டைகளில் கண்டிருக்கிறார்கள். கட்டு தளர்ந்த குரோமோசோம்கள் உரிய நேரத்துக்கு முன்பே விலகி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தடுமாறுகின்றன. மனித முட்டையில் கதிர்கோல் முழுதாக அமைய ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகிறது என்று 2015-இல் நேரடியாகப் படம் பிடித்துக் காட்டினார்கள். அவ்வளவு நேரமும் அந்தப் பழைய கயிறு இழுவையைத் தாங்க வேண்டும். 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக வரும் டவுன் நோய்க்குறியுடன் பிறக்கும் வாய்ப்பு, தாய்க்கு 35 வயதில் ஏறத்தாழ 350-இல் ஒன்றாகவும் 40 வயதில் ஏறத்தாழ 100-இல் ஒன்றாகவும் உயர்வது இதனால்தான்.

கழன்றுபோன கொஹீசினைத் திரும்பப் பூட்டும் மருந்து இன்று கையில் இல்லை. இருப்பதாகச் சொல்லி எவரேனும் விற்றால் நம்ப வேண்டாம். ஆனால் இந்தப் பிழை ஒவ்வொரு முட்டையிலும் நேர்வதும் இல்லை. அடுத்து வரும் முட்டையில் அந்தக் கட்டு சரியாக இருக்கக்கூடும். கலைந்த கருவின் திசுவில் குரோமோசோம் பரிசோதனை செய்தார்களா என்பதையும், அடுத்த முறை கருவைப் பதிக்கும் முன் பரிசோதிப்பது உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: என் தங்கைக்கு எடுத்த முட்டைகள் எல்லாம் எம் டூ நிலையில்தான் இருந்தன. ஊசி மூலம் விந்தணுவை உள்ளே செலுத்தியும் ஒன்றுகூடக் கருவுறவில்லை. இரண்டு முறை இப்படியே ஆயிற்று. முதிர்ந்த முட்டையிலும் நொதிக் குறை இருக்க முடியுமா? (வாசகர், மதுரை)

இருக்க முடியும். காரணம் விந்தணுவின் பக்கத்திலும் இருக்கலாம், முட்டையின் பக்கத்திலும் இருக்கலாம். பி.எல்.சி. சீட்டா குறைந்த விந்தணு கால்சியம் அலையை எழுப்பாது. அப்படிப்பட்டவர்களுக்குக் கால்சியத்தைச் செயற்கையாக உயர்த்தும் முறையைச் சில மையங்களில் கையாள்கிறார்கள்.

முட்டையின் பக்கத்தில், முதல் பதிலில் வந்த அதே வீ2 நொதி மறுபடியும் வருகிறது. ஸ்காட்லாந்துப் பேச்சில் வீ என்றால் சிறியது. உரிய அளவுக்கு வளரும் முன்பே பிளந்துவிடும் குட்டி ஈஸ்ட் செல்களைக் கண்ட பால் நர்ஸ் வைத்த பெயர் அது. எம் டூ நிலையிலிருந்து முட்டை வெளியேற வேண்டுமானால் சைக்ளின் அழிந்தால் மட்டும் போதாது. வீ2 மீண்டும் சி.டி.கே.1-இன் மீது பாஸ்பேட்டை ஒட்டி அதை அடக்கவும் வேண்டும். 2018-இல் சீன ஆய்வாளர்கள், வீ2 மரபணுவின் இரு பிரதிகளிலும் பிழையுள்ள பெண்களின் முட்டைகள் முதிர்ந்தும் கருவுறாமல் நிற்பதைக் காட்டினார்கள். பிழையற்ற ஆர்.என்.ஏ.வை அந்த முட்டைகளுக்குள் செலுத்தியபோது அவை கருவுற்றன. இது ஆய்வகத்தில் செய்து பார்த்தது. சிகிச்சையாக இன்னும் வரவில்லை. வீ2 பழுதான முட்டைக்குக் கால்சியத்தை உயர்த்துவது உதவாது என்பதால், அடுத்த முறை பணத்தையும் உடலையும் செலவழிக்கும் முன் காரணம் எந்தப் பக்கம் என்று கண்டறிவது நல்லது. இரு பிரதிகளும் பழுதாவதற்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையுள்ள ஒரு பிரதி வர வேண்டும். நம் பக்கத்தில் மாமன் மகள், அக்காள் மகள் உறவில் திருமணங்கள் நடப்பதால், உங்கள் பெற்றோர் உறவினரா என்பதை மரபியல் ஆலோசகர் நிச்சயம் கேட்பார். அது குற்றம் சுமத்தும் கேள்வி அல்ல.

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பிக்கிறேன். முட்டை முதிர்வதை மாணவர்களுக்குக் கண்ணால் காட்ட வழியுண்டா? (ஆசிரியர், நாமக்கல்)

உண்டு, ஆட்டின் சூலகம் போதும். இறைச்சிக்காக வெட்டப்படும் ஆட்டின் சூலகங்களை, வெதுவெதுப்பான 0.9 சதவீத உப்புக்கரைசல் உள்ள வெந்நீர்க்குடுவையில் போட்டு சில மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். மொச்சைக்கொட்டை அளவுள்ள அந்தச் சூலகத்தின் மேல் கண்ணாடிபோல் மின்னும் சிறு கொப்புளங்களே ஃபாலிக்கிள்கள். 2 முதல் 6 மில்லிமீட்டர் அளவுள்ளவற்றில் ஊசியைச் செருகி மெதுவாக உறிஞ்சினால், நீருடன் முட்டைகளும் வரும். ஆட்டின் முட்டையில் கொழுப்பு மிகுதி என்பதால் உள்ளே இருண்டு தெரியும். எலி முட்டையைப் போல் குமிழியை நேராகப் பார்க்க முடியாது. ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு எத்தனாலும் கலந்த கரைசலில் ஒரு நாள் வைத்துவிட்டு, வெங்காய வேர் நுனிக்குப் பயன்படுத்துகிற அசிட்டோ ஆர்சினையே விட்டால் குரோமோசோம்கள் சாயமேறித் தெரியும்.

முதிர்வதைப் பார்க்கத்தான் பள்ளி ஆய்வகம் போதாது. 38.5 டிகிரி வெப்பமும் 5 சதவீதக் கரியமில வாயுவும் கொண்ட அடைகாப்பானில், ஹார்மோன் சேர்த்த ஊடகத்தில் ஒரு நாளுக்குச் சற்று மேல் வைக்க வேண்டும். உங்கள் ஊரிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். வைக்கும்போது முட்டையை இறுக்கிப் பிடித்திருந்த கியூமுலஸ் செல்கள், மறுநாள் பார்க்கையில் ஊறிய சப்ஜா விதையின் வழுவழுப்பைப் போல் விரிந்து தளர்ந்திருக்கும். அவற்றை நீக்கிவிட்டு, மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியால் முட்டையை மெதுவாக உருட்டச் சொல்லுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிறகு உறைக்கு அடியில், ஓரத்தில், அந்தச் சின்ன மணி வந்து நிற்கும்.